மச்சு வீட்டுக்குக் குடி போகிறீர்களா?

இரவு மணி ஒன்பது. மரப்படியில் 'டக், டக்' என்று காலடி ஓசை. கீழே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொண்டிருக்கும் ஆச்சி தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. 'மேல் வீட்டுத் தம்பி வந்தாச்சு' என்று ஓசையைக் கொண்டே சொல்லி விடுவார்.

சற்று நேரத்தில் தலைக்கு மேலே ஒரு பலகை 'கிறீச்' என்கிறது. அது ஜன்னல் ஓரத்துப் பலகை. தம்பி ஜன்னலைத் திறக்கிறார் என்று அர்த்தம். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். சாப்பாடு ஆரம்பம். அதன் பிறகு ஒரே அமைதி. ஆச்சியும் விளக்கை அணைத்து விட்டுப் படுக்கப் போகிறார்.

மேலே இருப்பவர் வாடகைக்காரர். கீழே இருப்பவர் வீட்டுக்காரர். இருவருக்கும் நடுவே இருப்பதோ ஒன்றரை அங்குலப் பலகை! மேலே இருப்பவருக்கு அது தரை. கீழே இருப்பவருக்கு அதுவே கூரை.

நாகர்கோவிலில் வடிவீசுவரம், கோட்டாறு, வடசேரி போன்ற பழைய பகுதிகளிலும், பக்கத்தில் சுசீந்திரத்திலும் இப்படிப்பட்ட மச்சு வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுப்பது கான்கிரீட் வீட்டை எடுப்பது போன்றதல்ல. அதில் சுகம் உண்டு. சங்கடமும் உண்டு. இரண்டையும் தெரிந்து கொண்டு போகிறவர் மகிழ்ச்சியோடு இருப்பார். தெரியாமல் போகிறவர் மூன்று மாதத்தில் வேறு வீடு தேடுவார்!

மச்சு என்பது என்ன?

ஓட்டு வீடு ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பியதும், சுவருக்குச் சுவர் கனமான உத்தரங்கள். உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் நெருக்கி அடித்த பலகைகள். அதுதான் மச்சு. அதற்கும் மேலே கழுக்கோல்களும் பட்டியல்களும் ஓட்டைத் தாங்கி நிற்கும்.

சில வீடுகளில் பலகையின் மேலேயே நடக்கலாம். வேறு சில வீடுகளில் பலகையின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு மெழுகியிருப்பார்கள். இந்த இரண்டாவது வகையில் மேலே நிற்பவருக்குச் சாதாரணத் தரை போலத்தான் தோன்றும். கீழே போய் அண்ணாந்து பார்த்தால்தான் அது மரத்தின் மேல் நிற்கிறது என்பது தெரியும். ஆகவே, வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் மேல் வீட்டை மட்டும் பார்த்து விட்டுத் திரும்பி விடக் கூடாது!

மச்சு எதற்காக வந்தது? நாஞ்சில் நாடு நெல் விளையும் நாடு. அறுவடை முடிந்தால் நெல் வைக்க இடம் வேண்டும். தேங்காய், புளி, கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய வெண்கலப் பாத்திரங்கள், உருளிகள் எல்லாவற்றுக்கும் ஈரம் படாத இடம் வேண்டும். தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் இரண்டுமே எட்டிப் பார்க்கும் மாவட்டம் இது. மண் தரை எப்போதும் ஈரம் குடித்துக் கொண்டே இருக்கும். உயரத்தில் ஒரு மரத் தளம் இருந்தால் பொருள் கெடாது. வெயில் காலத்தில் ஓட்டின் சூடும் கீழே இறங்காது.

இப்படிப் பொருள்களுக்காகப் பிறந்த இடம் பிறகு மனிதர்களுக்கு வந்தது. படிக்கும் பிள்ளை ஓசையில்லாமல் படிக்க மச்சுக்கு ஏறினான். கல்யாணமான மகனுக்கு மச்சு ஒதுக்கப்பட்டது. கடைசியில் ஒரு நாள், வாசலில் 'மாடி வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டையும் தொங்கியது.

அரசரும் பலகை மேல்தான்!

மரத் தளத்தின் பெருமையைக் காண விரும்புகிறவர்கள் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலை வரை போனால் போதும். அங்கிருந்து பத்மநாபபுரம் கூப்பிடு தூரம்.

திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகர் அது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் காலத்தில் அரண்மனை விரிவடைந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய் விட்டது. அரண்மனை மட்டும் அப்படியே நின்று விட்டது. 1956இல் இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்பொருள் துறைதான்.

படிகள் மரம். மச்சு மரம். தூண்கள் மரம். நான்கு மாடி கொண்ட உப்பிரிகை மாளிகை இதற்குச் சிகரம். மந்திரசாலையில் நுழைந்தால் கண்ணாடி போலப் பளபளக்கும் கருந்தரை! சுண்ணாம்போடு சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து இழைத்த தரை என்று அதைச் சொல்வார்கள்.

இங்கே வாடகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அரண்மனைக்குள் செருப்புடன் போக முடியாது. வாசலில் கழற்றி வைத்து விட்டுத்தான் போக வேண்டும். இது வெறும் மரியாதை மட்டும் அல்ல. செருப்பின் அடியில் ஒட்டிக் கொண்டு வரும் ஒரு சிறு மணல் பரல் போதும், மெருகேறிய தரையில் கீறல் போட. வருஷம் முழுவதும் வெறுங்கால்கள் நடந்தால் மரம் மெருகேறும். ஒரு வாரம் மணல் செருப்பு நடந்தால் அந்த மெருகு போய் விடும்.

வீட்டில் இருப்பது என்ன மரம்?

மன்னராட்சிக் காலத்தில் தேக்கும் ஈட்டியும் அரசுக்கு உரிமையான மரங்கள். சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் நினைத்தபடி வெட்டிவிட முடியாது. அதனால் சாதாரணக் குடியானவர் தம் விளையில் நின்ற அயினியையும் பலாவையும் நம்பினார். குறைந்த மரங்கள் என்று அவற்றை எண்ணி விடாதீர்கள். அயினி கடலில் போகும் தோணிக்கே பலகை கொடுத்த மரம்! பலாவோ, வெட்டிய போது மஞ்சளாக இருந்து, ஆண்டு ஆக ஆகச் செம்பழுப்பாகக் கறுக்கும். பழைய மச்சுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் அந்தக் கருஞ்சிவப்பு பெயிண்ட் அல்ல; வயது.

உத்தரங்களுக்கு வைரம் பாய்ந்த பனையையும் போட்டார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் பனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

இன்று இந்த மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். விலையும் மலிவு. ஆகவே, உளுத்துப் போன ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தால், 'ரப்பர் பலகை போட்டால் என்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. ரப்பர் மரத்தில் மாவுச் சத்து அதிகம். மருந்து ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் வண்டு விழுந்து மாவாக உதிர்ந்து விடும். பதப்படுத்திய ரப்பர் மரம் நாற்காலி மேஜைக்கு நல்லது. பதப்படுத்தாத பலகையை மச்சில் போட்டால், வண்டுக்கு விருந்து வைத்த கதைதான்!

இன்னொரு போலியும் இப்போது வந்திருக்கிறது. புதிய அடுக்கு மாடி வீடுகளில் 'மரத் தரை' என்று விளம்பரம் செய்கிறார்கள். பெரும்பாலும் அது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டிய 'லாமினேட்' தரை. சில இடங்களில் மரக் கோடு அச்சடித்த 'டைல்ஸ்'. பார்வைக்கு அழகுதான். ஆனால் தேய்ந்த நிஜப் பலகையை இழைப்புளி போட்டு மீண்டும் புதிதாக்கலாம். படம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அப்பளம் போல உப்பி விடும்.

ஊருக்கு வந்தவர்கள்

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. நாகர்கோவில் மாவட்டத் தலைநகரமாயிற்று. தலைநகரம் என்றால் கலெக்டர் ஆபீஸ். ஆபீஸ் என்றால் வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும். அவர்களுக்கெல்லாம் வீடு வேண்டுமே!

கல்லூரிகளோ அதற்கு முன்பே வந்து விட்டன. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இல் கல்லூரியாயிற்று. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இல் தோன்றியது. ஹோலி கிராஸ் கல்லூரி 1965இல் வந்தது. மாணவர்கள் வந்தார்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். 2019இல் நகராட்சியாக இருந்த ஊர் மாநகராட்சியும் ஆகி விட்டது.

வந்தவர்கள் கேட்டது வாடகை வீடு. ஊரில் இருந்ததோ கூட்டுக் குடும்பங்களுக்காகக் கட்டிய பெரிய வீடுகள். பிள்ளைகள் படித்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய் விட்ட பிறகு, வயதானவர்கள் கீழே ஒதுங்கினார்கள். மேல் மச்சு காலியாயிற்று. இடம் தேடியவருக்கு இடமும், தனிமையில் இருந்தவர்களுக்கு ஒரு துணையும் கிடைத்தன. இதில் வாடகை மட்டும்தான் கணக்கு என்று சொல்ல முடியுமா?

ஆச்சியின் நிபந்தனைகள்

இப்படிப்பட்ட வீடுகளில் குடி போகும் நாளன்று நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

"தம்பி, வாடகையை ஒரு நாள் முன்னே பின்னே தந்தாலும் ஒண்ணுமில்ல. தண்ணியை மட்டும் ஊத்திக் கழுவிரப்பிடாது. கேட்டியளா?"

"அப்போ எப்படி ஆச்சி சுத்தம் பண்ணுறது?"

"துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சாப் போதும். இந்த மச்சு எங்க பாட்டா காலத்து மச்சாக்கும்."

சிரிக்காதீர்கள். பொறியியல் படித்தவரும் இதையேதான் சொல்வார். மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை. மழைக் காலத்தில் மச்சுப் பலகைகள் ஒன்றோடொன்று இறுகிக் கொள்ளும். கதவு சாத்த வராது. பங்குனி, சித்திரை வெயிலில் பலகைகளுக்கு நடுவே இடுக்கு விழும். குழந்தை மேலே பாசிமணி விளையாடினால் ஆச்சியின் மடியில் பாசிமணி விழும்! இதெல்லாம் மரத்தின் இயற்கை. பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது நிற்கும் ஈரத்துக்கு. மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் ஏறி, அது காயாமலும் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மரம் உள்ளுக்குள்ளேயே பஞ்சாகும். ஆகவேதான், பல வீடுகளில் குளியலறையை மச்சில் வைக்காமல், பின்புறம் கான்கிரீட்டில் தனியாகக் கட்டி விடுகிறார்கள்.

பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டித் தரையை மூடுவதும் தவறு. அடியில் ஈரம் தங்கும். கோரைப் பாய்தான் நல்லது. பக்கத்து ஜில்லாப் பத்தமடைப் பாய் கிடைத்தால் இன்னும் விசேஷம். காற்றும் போகும், காலடி ஓசையும் ஓரளவு அடங்கும்.

நியூயார்க்கிலும் இதே சண்டை!

காலடி ஓசை நம் ஊர்த் தொல்லை மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பழைய அடுக்கு மாடி வீடுகளில் 'ஓக்' மரத் தரை சாதாரணம். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அதை விரும்பிக் கேட்பதும் உண்டு. ஆனால் கீழ் வீட்டுக்காரர் தூங்க வேண்டாமா? தரையில் நூற்றுக்கு 80 பங்கைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்று அங்கே பல வாடகை ஒப்பந்தங்களில் நிபந்தனை எழுதி விடுகிறார்கள். அழகான தரைக்காக வாடகை கொடுத்து, அதைக் கம்பளத்தால் மூடி வைக்க வேண்டும். வேடிக்கைதான்!

ஆச்சிக்கோ நூற்றுக் கணக்கு தெரியாது. "ராத்திரி ஒன்பதுக்கு மேல பைய நட மக்கா" என்பதோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்து விடும். நாற்காலிக் கால்களில் துணி கட்டி விட்டால் பாதிச் சத்தம் போய் விடும். மீதிப் பாதியை மனிதர்கள்தான் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

எதைத் தூக்கி எங்கே வைப்பது?

பழைய மச்சு நெல் மூட்டையைத் தாங்கியது என்பது உண்மை. ஆனால் நெல் மூட்டை சும்மா இருக்கும். 'வாஷிங் மெஷின்' சும்மா இருக்காது. சுற்றும், குலுங்கும். அந்தக் குலுக்கல் ஆணிகளைத் தளர்த்தும். அதைக் கீழே, சிமெண்டுத் தரையில் வைத்துக் கொள்ள வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டு விடுவது நல்லது. கிரைண்டரும் அப்படித்தான்.

புதிதாக வீடு கட்டும் போது, ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 200 கிலோ சுமையைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தரக் கட்டளை கணக்கு வைத்திருக்கிறது. 200 லிட்டர் பிடிக்கும் ஒரு தண்ணீர் டிரம்மை எடுத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் 200 கிலோ. அது நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. நூறு வயது மச்சின் நடுவே அதை வைக்கலாமா என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்!

கனமான பீரோ, புத்தக அலமாரி முதலியவற்றைச் சுவர் ஓரமாக, உத்தரத்தின் முனைக்கு அருகில் வைக்க வேண்டும். அறையின் நடுவே கட்டிலும் மனிதர்களும் இருக்கட்டும்.

வீடு பார்க்கும் போது...

மச்சு வீடு பார்க்கக் கூடியவரை மழை பெய்த மறுநாள் போங்கள். வெயில் நாளில் எல்லா ஓடும் நல்ல ஓடுதான்.

முதலில் அண்ணாந்து ஓட்டைப் பாருங்கள். ஓடு நழுவிய இடத்தில்தான் மச்சின் சாவு தொடங்குகிறது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகிப் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட போது மரங்கள் வேரோடு சாய்ந்தன, ஓடுகள் பறந்தன. உடனே ஓடு மாற்றியவர்களின் மச்சு பிழைத்தது. 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டால் மழைத் தண்ணீர் கழுக்கோல் வழியாக இறங்கிப் பலகைக்கு வந்து விடும்.

அடுத்து, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். சுவரின் ஈரத்தை அந்த முனைதான் குடிக்கும். ஒரு சாவியின் நுனியால் லேசாகக் குத்திப் பாருங்கள். 'டக்' என்றால் வைரம். உள்ளே இறங்கினால் வேறு வீடு பாருங்கள்.

சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். பலகைக்குக் கீழே மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தால் வண்டு. துடைத்து விட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். மீண்டும் புதிதாக மாவு இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பலகையின் நடுவில் நின்று குதிகாலை ஒரு தடவை ஊன்றுங்கள். 'கிறீச்' என்றால் ஆணி தளர்ந்திருக்கிறது. தச்சர் ஒரு நாளில் சரி செய்வார். ஊஞ்சல் போல ஆடினால் அது தச்சரோடு முடியாது.

கடைசியாக மின்சாரக் கம்பி. மரச் சட்டத்துக்குள் ஓடும் பழைய வயர்கள், எலி கடித்த வயர்கள் உள்ள வீட்டில் 'வயரிங்' மாற்றாமல் குடி போகாதீர்கள். மரத்துக்குத் தண்ணீர் மெதுவான எதிரி. நெருப்போ ஒரே இரவில் வேலையை முடித்து விடும்.

எண்ணெய் போடும் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். அண்டியாபீசுகளில் கிடைக்கும் முந்திரித் தோட்டு எண்ணெயைக் கழுக்கோலுக்கும் உத்தரத்துக்கும் பூசுவது இந்தப் பக்கத்து வழக்கம். பூச்சி அண்டாது. ஆனால் அது தோலில் பட்டால் புண்ணாகும்; நடக்கும் பலகைக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது காயாது, தூசியைத்தான் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து மரத்தோடு ஒட்டிக் கொள்ளும். பூசி முடித்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டு விடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயப் போடுங்கள்.

எழுதி வாங்குங்கள்; எழுதிக் கொடுங்கள்

இத்தனை பேசிய பிறகு, வாய்ப் பேச்சு போதுமா? போதாது.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் விட்டது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக இருவரும் ஒத்துக் கொள்ளாத வரையில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த பிறகு ஒரு மாதத்துக்குள், கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துக் கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தந்து விட வேண்டும்.

வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் தொல்லை கொடுக்க முடியாது.

மச்சு விஷயத்தில் மிக முக்கியமானது ரிப்பேர். கட்டடத்தின் உறுப்புகளைச் சீர் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்காரரே கெடுத்திருந்தால் அது அவர் பொறுப்பு. சட்டம் இவ்வளவு சொல்கிறது. ஆனால் ஒரு பலகை உளுத்தால், அது ஓடு ஒழுகியதாலா, தண்ணீர் ஊற்றிக் கழுவியதாலா? இங்கேதான் சண்டை பிறக்கும்.

அதனால் ஒப்பந்தத்தில் நான்கு வரி கூடுதலாக எழுதிக் கொள்வது இருவருக்கும் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், ஓடு மாற்றுவது யார்? கரையான் மருந்துச் செலவு யாருடையது? வாஷிங் மெஷின் எங்கே? பலகையில் இப்போதே இருக்கும் கீறலும் உளுவும் எங்கெங்கே? குடி போகும் நாளிலேயே கைத்தொலைபேசியில் படம் எடுத்து இருவரும் வைத்துக் கொண்டால், காலி செய்யும் நாளில் முகம் கோணாமல் பிரியலாம்.

பலகைக்கு விலை உண்டு

இவ்வளவு தொல்லை எதற்கு, இடித்து விட்டுக் கான்கிரீட் போட்டால் போயிற்று என்று கேட்கலாம். அப்படித்தான் பல வீடுகள் போய்க் கொண்டிருக்கின்றன. பழைய மரம் வாங்கும் வியாபாரிகள் வருகிறார்கள். உத்தரம் இத்தனை, பலகை இத்தனை, கதவு நிலை இத்தனை என்று அளக்கிறார்கள். வீட்டுக்குச் சொல்லும் விலை குறைவு. மரத்துக்குச் சொல்லும் விலை அதிகம். மச்சு இறங்குகிறது. லாரி ஏறுகிறது. எங்கோ ஒரு உல்லாச விடுதியில் வரவேற்பறையாக அது மறுபடி முளைக்கும்.

அதில் குற்றம் சொல்வதற்கு இல்லை. வயதானவர்கள் ஏணிப்படி ஏறி ஓடு பார்க்க முடியாது. பிள்ளைகள் ஊரில் இல்லை. பூட்டிக் கிடக்கும் மச்சில் ஜன்னல் திறக்கப்படுவதில்லை. காற்று இல்லாத இடத்தில் ஈரம் தங்கும். ஓடு நழுவியது யாருக்கும் தெரியாது. கரையான் ஏறுவதைப் பார்க்க ஆள் இல்லை. நூறு வருஷம் நின்ற மரம், பூட்டிய வீட்டில் ஒரு சில மழைக் காலத்திலேயே உட்கார்ந்து விடும்.

அதே மச்சில் ஒரு வாடகைக் குடும்பம் இருந்தால்? காலையில் ஜன்னல் திறக்கும். ஒழுகினால் அன்றே தெரியும். தினம் துடைக்கும் துணி கரையானை முதலில் கண்டு பிடிக்கும். கொடுக்கும் வாடகை ஓட்டுக்கும் தச்சருக்கும் ஆகும். மச்சு வீட்டைக் காப்பாற்றும் கையில் ஒன்று வீட்டுக்காரருடையது என்றால், மற்றது வாடகைக்காரருடையது.

கான்கிரீட் வீட்டில் மேலே இருப்பவர் யார் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாமலே பத்து வருஷம் ஓடி விடும். மச்சு வீட்டில் அது நடக்காது. மேலே குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுவதும் நடக்கும் காலடி கீழே கேட்கும். காலையில் சுக்குக் கஷாயம் மேலே ஏறும்.

இரவு மணி ஒன்பது தாண்டி விட்டது. திண்ணையில் ஆச்சி இன்னும் விளக்கை அணைக்கவில்லை. மரப்படியில் ஓசை கேட்கவில்லை. மணி பத்து ஆகிறது. ஒரு வேளை பஸ் தவறி விட்டதோ?

'டக், டக்.'

ஆச்சி விளக்கை அணைத்து விட்டுப் படுக்கப் போகிறார்.